அச்சா, கைவேலையா? பாரிஸ் செபப்புத்தகங்களும் அவற்றை விற்ற தெருவும்

கேள்வி: “1500-ஐ ஒட்டி பாரிஸில் அச்சடித்த செபப்புத்தகம் என்று ஒரு நூலகத் தளத்தில் சில பக்கங்கள் பார்த்தேன். பொன்னும் நீலமுமாக, கையால் வரைந்தது போலவே இருக்கிறது. இது அச்சா, கைவேலையா? அச்சு இயந்திரம் வந்த பிறகும் ஏன் கையெழுத்துப் பிரதி மாதிரியே செய்தார்கள்? இவ்வளவு ஆடம்பரமான புத்தகத்தை யார்தான் வாங்கினார்கள்?”

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: இரண்டும்தான். எழுத்தும் படத்தின் கோடுகளும் அச்சு. மேலே பூசிய வண்ணமும் பொன்னும் கைவேலை. மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நீங்கள் பார்த்த பிரதியை வைத்து இந்தப் புத்தகத்தை எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் வளர்ந்தது ஒரு சின்ன ட்ரெடில் (காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம்) அச்சகத்தில். அப்பா கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்தவர். அதனால் இந்தப் புத்தகங்களைப் பிரிக்கும்போது பக்தியைவிட வேலைதான் எனக்கு முதலில் கண்ணில் படும். கீழே எழுதியிருப்பதிலும் அந்தச் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். பிரெஞ்சில் ‘லீவ்ர் தெர்’, அதாவது வேளைகளின் புத்தகம். மடத்துத் துறவிகள் ஒரு நாளை எட்டு வேளையாகப் பிரித்துச் செபிப்பார்கள். இல்லறத்தில் இருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும், ஆனால் முழுக்க முடியாது. அவர்களுக்கான சுருக்கம்தான் இது. முன்னால் ஒரு நாட்காட்டி, பிறகு நான்கு நற்செய்திகளிலிருந்தும் சில பகுதிகள், நடுவில் மரியன்னைக்கான எட்டு வேளைச் செபம். அதையடுத்துச் சிலுவைக்கும் தூய ஆவிக்கும் சிறு செபங்கள், ஏழு தவத் திருப்பாடல்கள், புனிதர்களின் மன்றாட்டுமாலை, இறந்தோருக்கான செபம். பெரும்பகுதி லத்தீன், இடையிடையே பிரெஞ்சு. சில செபங்களுக்கு மேலே சிவப்பில் ஒரு குறிப்பு இருக்கும்: இதை இந்தப் படத்தின் முன் சொன்னால் இவ்வளவு பலன். மரியன்னைக்கான ஒரு குட்டிச் செபத்துக்குத் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் 11,000 ஆண்டுப் பலன் அளித்தார் என்று போட்டிருப்பார்கள். செத்த பிறகு பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்க வேண்டிய காலத்தில் அவ்வளவு தள்ளுபடி! வாங்குகிறவர் மனநிலையைப் புரிந்துகொள்ள அந்தச் சிவப்பு வரி ஒன்று போதும்.

இந்தப் புத்தகத்தின் வியாபாரம் அச்சுக்கு முன்பே பாரிஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நோத்ர் தாம் பேராலயத்துக்கு நேர் எதிரே ‘ரூ நவ் நோத்ர் தாம்’ என்று ஒரு தெரு. இன்று அது இல்லை. பேராலயத்தின் முன்னால் இருக்கும் திறந்தவெளியின் தரைக்கற்களில் அதன் தடத்தை மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள். புத்தகக் கடைக்காரர்களும் ஓவியம் தீட்டுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்தில்தான் இருந்தார்கள். கடைக்காரர் ஆர்டர் பிடிப்பார். எழுதுவதற்கான தோல் வாங்கி மடித்து, எழுதுகிறவரிடம் ஒரு பகுதி, படம் போடுகிறவரிடம் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுப்பார். கடைசியில் எல்லாம் கட்டுகிறவரிடம் போய்ச் சேரும். ஒரே மாதிரிப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைவது, ஆர்டர் இல்லாமலே சில பிரதிகளைத் தயாராக வைத்திருப்பது எல்லாம் 15-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. அச்சு வந்து ஒரு கலையைக் கொன்றது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கைவேலைக்காலத்திலேயே அது பாதி தொழிற்சாலை.

பாரிஸுக்கு அச்சு 1470-இல் வந்தது. சோர்போன் கல்லூரியைச் சேர்ந்த கியோம் ஃபிஷேயும் யோஹான் ஹைன்லினும் உல்ரிச் கேரிங், மார்ட்டின் கிராண்ட்ஸ், மிஷேல் ஃப்ரிபுர்கர் என்ற மூன்று அச்சர்களைக் கூப்பிட்டுக் கல்லூரிக்குள்ளேயே அச்சகம் போட்டார்கள். அவர்கள் அடித்தது படிப்பாளிகளுக்கான லத்தீன். செபப்புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் பதினைந்து ஆண்டு ஆனது. போக வைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அந்துவான் வெரார்.

வெராரை அச்சடித்தவர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவர் முதல் போட்டவர், விற்றவர். அடிக்கிற வேலையை வெளியில் கொடுப்பார். கடை, சேன் ஆற்றின் மேல் நோத்ர் தாம் பாலத்தில். அன்றைய பாலம் என்றால் இருபக்கமும் வீடும் கடையும் நெருக்கிக் கட்டிய தெரு. 1499 அக்டோபர் 25 அன்று பாலம் அப்படியே ஆற்றில் விழுந்தது. வெரார் வேறு இடம் பார்த்துப் போனார், வியாபாரம் நிற்கவில்லை.

அவருடைய தந்திரம் எளிமையானது. ஒரே புத்தகத்தைக் காகிதத்தில் நிறைய அடிப்பார், கன்றுத்தோலில் சில பிரதிகள் அடிப்பார். தோல் பிரதிகளின் அச்சுப் படங்களை ஓவியர்கள் முழுவதும் வண்ணத்தால் மூடிவிடுவார்கள். சில நேரம் கீழே அச்சில் இருப்பது ஒன்று, மேலே தீட்டியிருப்பது வேறொன்று. இந்தப் பிரதிகள் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸுக்கும் போயின, கடல் தாண்டி இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றிக்கும் போயின. அங்குலேம் பிரபு சார்லஸுக்கு (பிற்கால அரசர் முதலாம் ஃபிரான்சுவாவின் தந்தை) வெரார் கொடுத்த பில் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. அச்சகத்துப் பிள்ளைக்கு அது ஒரு விருந்து. தோலில் அடித்த பகுதிகளுக்கு இவ்வளவு, பெரிய படங்களுக்கும் சின்னப் படங்களுக்கும் வண்ணம் தீட்ட இவ்வளவு, கட்டி வெல்வெட் போர்த்த இவ்வளவு, பாரிஸிலிருந்து கோன்யாக் வரை சுமந்துபோக இவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். பட்டியலில் ஒரு செபப்புத்தகமும் உண்டு. அச்சும் கைவேலையும் அவருக்கு ஒரே பில்லில் வரும் இரண்டு ஐட்டம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கையெழுத்துப் பிரதி போல் தெரிய வேண்டும் என்பதுதான் சரக்கு. தாத்தா காலத்திலிருந்து ‘செபப்புத்தகம் என்றால் இப்படி இருக்கும்’ என்று பழகிய கண்ணுக்கு வேறு மாதிரி ஒன்றைக் கொடுத்தால் அது செபப்புத்தகமாகவே படாது. வேலை செய்தவர்களும் அதே தெருவின் அதே ஆட்கள். ழான் பிஷோர் பேர்பெற்ற ஓவியர். அவரே 1504-இல் ரெமி த லெஸ்த்ர் என்பவருடன் சேர்ந்து ஒரு செபப்புத்தகம் அடித்தார். 1489-இல் எட்டாம் சார்லஸ், பல்கலைக்கழகத்தின் பேரில் வரிச்சலுகை பெறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார். அதில் 24 புத்தகக் கடைக்காரர்களோடு, படம் தீட்டுகிறவர் 2, கட்டுகிறவர் 2, கையால் எழுதுகிறவர் 2 என்று இடம் ஒதுக்கியிருந்தது. அச்சு வந்து இருபது ஆண்டு ஆகியும் எழுதுகிறவருக்கு நாற்காலி இருந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: பிளாக்.

எங்கள் அச்சகத்தில் பிள்ளையார் பிளாக் ஒன்று, திருப்பதி பெருமாள் ஒன்று, சிலுவை ஒன்று, பிறை ஒன்று. மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடு. எழுத்தின் உயரத்துக்குச் சமமாக நிற்கும், எழுத்தோடு சேர்த்து ஒரே ஃபாரமாக முடுக்கி ஓட்டலாம். வருஷக்கணக்கில் அதே பிள்ளையார் ஊரில் பாதிக் கல்யாணத்துக்குத் தலைமை வகித்தார். 1480-களின் பாரிஸில் இதே உத்திதான். மரத்தில் செதுக்கினால் மெல்லிய கோடு சில ஆயிரம் பிரதிகளுக்குள் நசுங்கும், ஓரம் உடையும். செபப்புத்தகம் உள்ளங்கை அளவுதான், அதில் ஓரச்சட்டம் விரல் அகலம். அதற்குள் ஆள், குதிரை, செடி எல்லாம் வரவேண்டும். எனவே உலோகம். ழான் து ப்ரே என்ற அச்சர் தம் படங்கள் செம்பில் வெட்டி அடித்தவை என்று புத்தகத்திலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

பிற்காலத்துச் செப்புத்தகட்டுப் படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் மை பள்ளத்தில் நிற்கும், தனி அழுத்தியில் ஓட்ட வேண்டும். இதில் மை மேட்டில் நிற்கும், எழுத்தோடு ஒரே ஓட்டத்தில் அடிக்கலாம். ஆனால் ஒரு தொல்லை. உலோகத்தில் பின்புலம் முழுவதையும் சுரண்டி எடுப்பது உயிர்போகிற வேலை. அப்படியே விட்டால் திட்டுத்திட்டாகக் கறுப்பு அப்பும். அதற்கு அவர்கள் கண்ட வழி, பின்புலத்தைக் கறுப்பாகவே விட்டு, ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்திவிடுவது. அச்சில் அது கறுப்பு வானத்தில் வெள்ளை நட்சத்திரம் தூவியது போல வரும். சோம்பலுக்குக் கண்டுபிடித்த குறுக்குவழி கடைசியில் அந்தப் புத்தகங்களின் அழகாகவே ஆகிவிட்டது. வண்ணம் தீட்டாத பிரதியில்தான் இது தெரியும். எனக்கு நீலமும் பொன்னும் பூசிய பிரதியைவிட இந்த வெறும் கறுப்புப் பக்கமே மேல்.

இதன் உச்சம் ஃபிலிப் பிகூஷே அடித்து, சிமோன் வோஸ்த்ர் விற்ற புத்தகங்கள். 1498 ஆகஸ்ட் 22 தேதியிட்ட பதிப்பைப் பலரும் சிறந்ததாகச் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. அதன் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம். நடுவில் இருபது வரி போல எழுத்து. நான்கு பக்கமும் சட்டம். அந்தச் சட்டம் ஒரே துண்டு கிடையாது. நெட்டையாக ஒன்று, குட்டையாக மூன்று, கீழே அகலமாக ஒன்று என்று பல துண்டு. வேண்டியபடி மாற்றிக் கோக்கலாம். இந்தப் பக்கத்தில் வேட்டைநாய் மானைத் துரத்தினால், பத்துப் பக்கம் தள்ளி அதே நாய் வேறொரு செடிக்குக் கீழே ஓடும். சூசன்னாவின் கதை, ஊதாரி மகனின் கதை, உலக முடிவின் பதினைந்து அடையாளங்கள், எதிர்காலம் உரைக்கும் சிபில் பெண்கள் எல்லாம் இந்தச் சட்டங்களில் தொடர்கதையாக ஓடுகின்றன. இறந்தோருக்கான செபம் வரும் பக்கங்களில் சாவின் நடனம். திருத்தந்தை, பேரரசர், வணிகர், குழந்தை, அரசி, தாதி என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களை எலும்புக்கூடு ஒவ்வொருவராகக் கைப்பிடித்து இழுத்துப்போகிறது. பாரிஸ்காரர்களுக்கு அது புதிதல்ல. ‘மாசற்ற குழந்தைகள்’ கல்லறைத்தோட்டத்துச் சுவரில் 1424-25-இலேயே அதைப் பெரிதாக வரைந்திருந்தார்கள், 1485-இல் கியோ மார்ஷான் அதைத் தனிப் புத்தகமாக அச்சிட்டிருந்தார். சுவரில் இருந்தது இப்போது உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

இந்தப் படங்களில் பலவற்றுக்கு மாதிரி வரைந்தவர், பிரெஞ்சு அரசி ஆனுக்குக் குட்டிச் செபப்புத்தகம் ஒன்றைத் தீட்டிய ஓவியர் என்பது கலை வரலாற்றாளர்களின் கணிப்பு. பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் உள்ள ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்பனும்’ திரைச்சீலைகளின் வடிவமும் அவர் கைதான் என்கிறார்கள். மாளிகைச் சுவருக்குப் போட்ட கை, கடைத்தெருப் புத்தகத்துக்கும் போட்டது. ஒரு தடவை வடிவம் வாங்கி உலோகத்தில் வெட்டிவிட்டால் அந்தச் செலவு ஆயிரக்கணக்கான பிரதிகளில் பரவிவிடும். வோஸ்த்ர் போன்றவர்களின் உண்மையான சொத்து அந்தப் பிளாக் பெட்டிதான்.

நாட்காட்டிப் பகுதி தனிச் சுவை. நம் பஞ்சாங்கத்தின் வேலை பாதியை அது செய்கிறது. தொடக்கத்தில் உடலைப் பிளந்து காட்டும் ஒரு மனிதன். எந்தக் கோள் எந்த உறுப்பை ஆள்கிறது என்று கோடு இழுத்திருக்கும். நான்கு மூலையிலும் நான்கு உடல்வாகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு: கோபக்காரனுக்குச் சிங்கம், உற்சாகிக்குக் குரங்கு, மந்தமானவனுக்கு ஆடு, மனச்சோர்வுக்காரனுக்குப் பன்றி. கால்களுக்கு நடுவே ஒரு கோமாளி எட்டிப்பார்ப்பான். எப்போது ரத்தம் இறக்கலாம், எப்போது கூடாது என்பதற்கான குறிப்பு இது. பிறகு பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு நாலு வரிப் பிரெஞ்சுச் செய்யுள். ஜனவரி என்றால் மனிதனின் முதல் ஆறு வயது, பிப்ரவரி பன்னிரண்டு வரை. இப்படியே ஏறி டிசம்பரில் 72, ஆட்டம் முடிந்தது.

கூடவே வரும் ஆண்டுகளின் ஈஸ்டர் தேதிப் பட்டியல். 1488 முதல் 1508 வரை என்பது போல இருபது ஆண்டுக்குப் போட்டிருப்பார்கள். முதல் பக்கம் கிழிந்த பிரதியின் வயதைக் கண்டுபிடிக்க இதுதான் முதல் சாவி. ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது, மீந்துபோன பட்டியலையே ஓட்டிய அச்சர்களும் உண்டு. தேதியில் இன்னொரு பொறி: அன்றைய பாரிஸில் புத்தாண்டு ஈஸ்டரில் பிறக்கும். எனவே ‘1524 ஜனவரி’ என்று கடைசிப் பக்கத்தில் இருந்தால் நம் கணக்கில் அது 1525. ஜனவரி 1-தான் புத்தாண்டு என்ற அரசாணை 1564-இல்தான் வந்தது.

வியாபாரத்தில் அடுத்த நுணுக்கம் ‘வழக்கம்’. ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் செப வரிசையில் சிறு வித்தியாசம். தலைப்பில் ‘ரோம் வழக்கப்படி’, ‘பாரிஸ் வழக்கப்படி’, ‘ருவான் வழக்கப்படி’ என்று போட்டிருக்கும். படமும் சட்டமும் அதேதான். நாட்காட்டியில் சில உள்ளூர்ப் புனிதர்கள், எட்டு வேளைச் செபத்தில் சில முன்மொழிகள் (திருப்பாடலுக்கு முன் சொல்லும் சிறு வாக்கியங்கள்), அவ்வளவே மாறும். ரோம் வழக்கில் முதல் மணிச் செபத்தின் முன்மொழி ‘அஸ்ஸும்ப்தா எஸ்த்’ என்று தொடங்கும், பாரிஸ் வழக்கில் ‘பெனதிக்தா தூ’. தலைப்பு இல்லாத பிரதி கையில் வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் நேராக அந்த இடத்தைத்தான் புரட்டுவார்கள். ஆக, பாரிஸில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸ் முழுவதற்கும் சரக்கு அனுப்பலாம். இங்கிலாந்தின் சாலிஸ்பரி வழக்குக்கும் அடித்து அனுப்பினார்கள். லண்டன் அச்சர்களால் அந்தத் தரத்துக்கும் விலைக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை.

தீல்மான் கெர்வேர் என்றொருவர், ஜெர்மனியின் கோப்லென்ஸிலிருந்து வந்தவர், கடைச் சின்னம் ஒற்றைக்கொம்பன். சிவப்பு, கறுப்பு இரண்டு வண்ண அச்சில் கெட்டிக்காரர். இரண்டு கலர் என்றால் ஒவ்வொரு தாளும் இரண்டு தடவை அழுத்தியில் போகவேண்டும், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிவப்பு எழுத்து கறுப்பின் மேல் ஏறிவிடும். அடித்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். 1522-இல் அவர் இறந்ததும் மனைவி யோலாந்த் போனோம் அச்சகத்தை எடுத்து நடத்தினார், 1557-இல் தாம் இறக்கும் வரை. முப்பத்தைந்து ஆண்டு! கணவர் நடத்தியதைவிட நெடுங்காலம். அவர் அப்பா பாஸ்கியே போனோம், பாரிஸில் முதன்முதலில் பிரெஞ்சு மொழிப் புத்தகம் அச்சிட்டவர். மகள் 1526-இல் ஒரு விவிலியம் வெளியிட்டார், ஒரு பெண் அச்சிட்ட முதல் விவிலியம் என்று அதைச் சொல்வார்கள். விதவை என்றால் தற்காலிகமாகக் கடையைக் காத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஜ்யோஃப்ரூவா தோரியைச் சொல்லாமல் விட்டால் அச்சு ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பூர்ஜ் ஊர்க்காரர், இத்தாலி போய்ப் படித்து வந்தவர். 1525 ஜனவரியில் அவருடைய செபப்புத்தகம் வந்தது, சிமோன் த கோலினுடன் சேர்ந்து. பக்கத்தைத் திறந்தால் ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். கறுப்புப் பின்புலமும் புள்ளிகளும் போய்விட்டன. மெல்லிய கோடு, நிறைய வெள்ளை, ரோமன் எழுத்து. சட்டங்களில் தூண், குடம், பூங்கொடி என இத்தாலியப் பாணி. இந்தப் படங்களை வேறு யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே அரசரிடம் உரிமையும் வாங்கி வைத்திருந்தார். அவருடைய சின்னம் உடைந்த குடம். சிறுவயதில் இறந்த மகள் ஆக்னெஸின் நினைவு அது என்பார்கள். 1529-இல் எழுத்து வடிவங்களைப் பற்றி ‘ஷாம் ஃப்ளரி’ எழுதினார், 1531 வாக்கில் அரச அச்சர் ஆனார், 1533-இல் இறந்தார். அவர் புத்தகத்தில் வண்ணம் பூசினால் கெட்டுப்போகும். அச்சு தன் காலிலேயே நின்ற செபப்புத்தகம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் கடைத்தெரு உடனே மாறிவிடவில்லை, பழைய பாணி பல பத்தாண்டு தொடர்ந்தது.

பழைய பாணியைப் பிடித்துக்கொண்டவர்களில் ஆர்துவேன் சகோதரர்கள் முக்கியமானவர்கள், ழீலும் ஜெர்மேனும். ஜெர்மேன் ஓவியம் தீட்டுகிறவரும்கூட. அச்சடித்துத் தம் பட்டறையிலேயே வண்ணம் பூசி விற்பார்கள். அவர்களுடைய 1527 பதிப்பு ஒன்றின் கதை நாவலாசிரியருக்குத்தான் தோன்றும். ஒரு பிரதி இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினிடம் இருந்தது, இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில். இன்னொன்று கேத்தரினின் இடத்தைப் பிடித்த ஆன் போலினிடம், இப்போது கென்ட்டின் ஹீவர் கோட்டையில். மூன்றாவது, ஆன் அரியணை ஏறவும் இறங்கவும் காரணமாக இருந்த அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்லிடம். ஓவியர் ஹோல்பைன் வரைந்த க்ராம்வெல் படத்தில் மேசைமேல் கல்பதித்த அட்டையோடு ஒரு புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகம் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருப்பதுதான் என்று 2023-இல் அறிவித்தார்கள். ஒருவரை ஒருவர் கவிழ்த்த மூன்று பேர், ஒரே பதிப்பின் மூன்று பிரதிகளிலிருந்து, அதே மரியன்னையிடம், அதே வார்த்தைகளில் செபித்துக்கொண்டிருந்தார்கள். ஆன் தன் பிரதியில் ஒரு வரி எழுதினார்: செபிக்கும்போது என்னை நினைத்துக்கொள், நாளுக்கு நாள் நம்பிக்கையே நடத்துகிறது. 1536 மே 19 அன்று தலை வெட்டப்பட்டது. அந்தப் பிரதியைப் பிறகு பத்திரப்படுத்தியவர்களின் பெயர்களை யாரோ சுரண்டி அழித்திருந்தார்கள். 2021-இல் புற ஊதா ஒளியில் அவை மறுபடி தெரிந்தன.

எட்டாம் ஹென்றியை எதிர்த்துச் சிறைப்பட்ட அவருடைய முன்னாள் அமைச்சர் தாமஸ் மோர், லண்டன் கோபுரச் சிறையில் கையில் வைத்திருந்ததும் பாரிஸ் அச்சுதான், 1530-இல் ஃபிரான்சுவா ரெனோ அடித்தது. அச்சடித்த செபத்தின் மேலும் கீழும் வெற்றிடத்தில் தன் செபத்தைத் தானே எழுதி வைத்தார். அது இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ரெனோவுக்கு அந்தச் சந்தை நிலைக்கவில்லை. 1534-இல் இங்கிலாந்து, கட்டிய புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது. அவர் க்ராம்வெல்லுக்கு மனு எழுதிப் பார்த்தார். இங்கிலாந்து திருத்தந்தையை விட்டுப் பிரிந்ததால், பிற்பாடு அவர் பெயரையும், பழைய அரசர் ஒருவரை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயரையும் எல்லாச் செபப்புத்தகத்திலிருந்தும் நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இங்கிலாந்தில் புழங்கிய பல பிரதிகளின் நாட்காட்டியில் இன்றும் அந்தக் கீறல் இருக்கிறது. சிலர் அழுத்தமாகச் சுரண்டியிருப்பார்கள், சிலர் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, படிக்கும்படியே விட்டிருப்பார்கள்.

சரி, யார் வாங்கினார்கள்? இதுவரை சொன்னதெல்லாம் அரசர், அரசி, அமைச்சர். உண்மையான பதில் இரண்டு கிடங்குக் கணக்குகளில் இருக்கிறது. பாரிஸில் லூயி ருவாயே என்ற புத்தகக் கடைக்காரரின் கையிருப்பை 1528-இல் எண்ணினார்கள். மொத்தம் 1,01,860 பிரதிகள், அதில் செபப்புத்தகம் 98,529. 1545-இல் கியோம் கோதார் என்பவரின் கையிருப்பு 2,63,696, அதில் செபப்புத்தகம் 1,48,717. ஒரே கடையில்! இவ்வளவையும் பிரபுக்கள் வாங்கவில்லை. கசாப்புக்கடைக்காரர், துணி வியாபாரி, அவர் மனைவி, அவர்கள் மகள் கல்யாணத்துக்கு என்று போனவை. காகிதத்தில் அடித்து, வண்ணம் இல்லாமல், மலிவாகக் கட்டியவை. வீட்டில் ஒரே ஒரு புத்தகம் இருந்தால் அது இதுதான். பிள்ளைகள் எழுத்து பழகியது இதில், பிறந்த தேதியும் ஞானஸ்நானம் கொடுத்த நாளும் குறித்து வைத்தது இதன் வெற்றுப் பக்கத்தில்.

அந்த லட்சம் எங்கே? தினமும் எட்டு வேளை புரட்டினால் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? விரல் பட்டுக் கிழிந்து, மெழுகுவர்த்தி சொட்டி, கடைசியில் அட்டைக்குள் திணிக்கும் பழந்தாளாகப் போய்விட்டது. பிழைத்த காகிதப் பிரதிகளையும் ட்ரென்ட் சங்கத்துக்கு (கத்தோலிக்கத் திருச்சபை 16-ஆம் நூற்றாண்டில் கூட்டிய சீர்திருத்த மாநாடு) பிறகு வந்த மாற்றம் பழசாக்கியது. 1571-இல் திருத்தந்தை ஐந்தாம் பியுஸ் மரியன்னை செபத்தைத் திருத்தி வெளியிட்டு, தாய்மொழிச் செபங்களோடு வந்த பழைய புத்தகங்களைத் தடைசெய்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பலன் வாக்குறுதிகளும் அதோடு போயின. தோலில் அடித்துப் பொன் பூசியதை மட்டும் யாருக்கும் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதனால்தான் நூலகத் தளத்தில் நீங்கள் பார்த்தது அது. பழக்கடையில் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, அலங்காரத்துக்கு வைத்த ஆப்பிளை மட்டும் பார்த்துவிட்டு இந்த ஊரில் ஆப்பிள்தான் தின்பார்கள் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி.

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இந்தப் புத்தகங்கள் ஏராளம், இலவசம். அடுத்த முறை வண்ணம் தீட்டிய பக்கம் ஒன்றைத் திறந்தால் நன்றாகப் பெரிதாக்கி முகங்களையும் கைவிரல்களையும் பாருங்கள். வெள்ளை அங்கேதான் முதலில் உதிரும். உதிர்ந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எட்டிப்பார்க்கும். பிறகு அதே பதிப்பின் வண்ணம் தீட்டாத பிரதி கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே கோடு அதே இடத்தில் இருக்கும்.